வெள்ளிக்கிழமை இரவுச் சிரிப்பைத் தமிழ் வரிகளோடு வெளியிடுங்கள்: பிரசார் பாரதிக்கு மும்பையிலிருந்து ஒரு திறந்த மடல்

பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கும், தூர்தர்ஷனின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், ஆவணக் காப்பகத்தில் பணியாற்றும் அலுவலர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

1984ஆம் ஆண்டு தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் தொடங்கிய 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்னும் நகைச்சுவைத் தொடரையும், அதன் பின் 1988இல் வந்த 'வாக்லே கி துனியா'வையும் முதல் அத்தியாயம் தொடங்கிக் கடைசி அத்தியாயம் வரை, ஒளிபரப்பான அதே வரிசையில், படமும் ஒலியும் துலங்கச் சீர்செய்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வசன வரிகள் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, டிராம்பேயில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறையின் பிள்ளைகளில் ஒருவன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த நகரத்தோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கியது இந்தத் தொடர்களின் மூலமாகத்தான் என்பதால், அவற்றின் கதி என்னவாகும் என்பது எனக்கு வெறும் பொழுதுபோக்குச் சங்கதி அல்ல.

அந்த நாட்களை அறியாத இளைய அலுவலர்களுக்காகச் சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். மும்பை தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. வர்லியிலுள்ள 300 மீட்டர் உயரக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து வியந்த பிள்ளைகள் நாங்கள். 1982இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் சேர்ந்தே வந்தன. 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கி, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே குடும்பக் கதையைப் பார்க்கும் பழக்கம் உண்டாயிற்று. விளம்பரதாரர் செலவை ஏற்றுக்கொள்ள, வெளித் தயாரிப்பாளர்கள் தொடரை எடுத்துத் தரும் ஏற்பாடும் அப்போதுதான் வேரூன்றியது. அந்த ஏற்பாட்டில் விளைந்த முதல் நகைச்சுவைத் தொடர் என்று பரவலாகச் சொல்லப்படுவது 'யே ஜோ ஹை ஜிந்தகி'. எஸ்.எஸ். ஓபராய் தயாரித்தார். குந்தன் ஷாவும் ராமன் குமாரும் இயக்கினார்கள். ஹிந்தி அங்கத எழுத்தாளர் ஷரத் ஜோஷி எழுதினார். தலைப்புப் பாடலைக் கிஷோர் குமார் பாடியிருந்தார். அந்தப் பாடல் கேட்டதும் எங்கள் பில்டிங்கின் கேலரியில் செருப்புகள் குவியத் தொடங்கிவிடும். தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது பக்கத்து வீட்டுச் சிந்திக் குடும்பத்தில். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் அது பில்டிங் முழுவதற்கும் சொந்தம்.

கதை என்று பார்த்தால் மிக எளியது. ரஞ்சித், ரேணு என்ற இளம் தம்பதி, வேலை கிடைக்காமல் அக்காள் வீட்டில் தங்கியிருக்கும் ரேணுவின் தம்பி ராஜா, ஒரு சின்ன ஹால். ஷஃபி இனாம்தார், ஸ்வரூப் சம்பத், ராகேஷ் பேடி மூவரும் அந்த ஹாலுக்குள் சண்டை போட்டுச் சமாதானமாகிக்கொண்டிருப்பார்கள். எதற்குச் சண்டை என்றால், நம் எல்லார் வீட்டிலும் எதற்கு வருமோ அதற்குத்தான். ஷஃபி இனாம்தார் குரலை உயர்த்தாமலேயே எரிச்சலைக் காட்டக்கூடிய நடிகர். மனைவி சொல்வது நியாயம் என்று தெரிந்த மறுகணம் அவர் முகம் போகும் போக்கைப் பார்த்து, எங்கள் பில்டிங்கின் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அலுவலக மேலாளராக வந்த டிகு தல்சானியா 'யே க்யா ஹோ ரஹா ஹை?' என்று கேட்ட தொனி, மறுநாள் காலை பள்ளிக்கூட வரிசையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கேட்கும். ஹிந்தி தெரியாத என் சித்தப்பா கூட, வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு கிடப்பதைக் கண்டால் அதே தொனியில் அதையே கேட்பார்.

ஆனால் அந்தத் தொடரின் உயிர்நாடி சதீஷ் ஷாதான். வாரம் ஒரு வேடம். ஐம்பதுக்கும் மேற்பட்ட வேடங்களில் ஒரே நடிகர் ஒரே வீட்டின் கதவைத் தட்டினார், அந்த வீட்டாருக்கு ஒரு தடவையும் அவரை அடையாளம் தெரியவில்லை. அழைப்பு மணி ஒலித்ததும் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். கதவு திறக்கும். நிற்பவரின் தலைவகிடு மாறியிருக்கும், மீசை மாறியிருக்கும், கண்ணாடி ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும், நிற்கும் நிலையே வேறாக இருக்கும். ஓரிரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியாது. பிறகு பிள்ளைகளில் எவனாவது 'அவன்தான், அவனேதான்' என்று கத்துவான், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அறை முழுவதும் சிரிப்பு பொங்கிவிடும். வேடத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியும் வரப்போகும் கலாட்டாவை எதிர்பார்க்கும் மகிழ்ச்சியும் ஒன்றாகக் கலந்த அந்தச் சிரிப்பைப் போன்ற ஒன்றை நான் வேறெந்த நிகழ்ச்சியிலும் கண்டதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, இதே குந்தன் ஷா இயக்கிய திரைப்படத்தில், கணிசமான பகுதியில் பிணமாகவே நடித்துச் சிரிக்க வைத்தவர் அவர். அசையாமல் கிடந்தே சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்கு வாரா வாரம் புதிய உடம்பு ஒன்று கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

எங்கள் பெரியவர்களுக்கு அந்தத் தொடர் உடனே பிடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அவர்கள் சபா நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள். சென்னையிலிருந்து நாடகக் குழுக்கள் வந்தால், கிங்ஸ் சர்க்கிள் ஷண்முகானந்தா அரங்குக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு, மறுவாரம் முழுவதும் வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் ஒரு ஹால், ஒரு சோபா, இடப்பக்கம் ஒரு கதவு. வெளியிலிருந்து ஒருவர் வருவார், வீட்டில் குழப்பம் உண்டாகும், குழப்பம் முற்றி உச்சிக்குப் போன நேரத்தில் எல்லாம் வெளிப்பட்டுவிடும். ஷரத் ஜோஷியின் ஹால் அவர்களுக்குத் தெரிந்த ஹால்தான். மொழிதான் வேறு.

மொழி என்ற அந்த இடத்தில்தான் என் கோரிக்கையின் மையம் இருக்கிறது. எங்கள் ஆச்சிக்குக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் ஹிந்தி தெரியும். அவரும் வந்து முன்வரிசையில் உட்காருவார். அறை சிரிக்கும். 'ஏல, என்ன சொல்லுதான்?' என்று என் தோளைத் தட்டுவார். நான் அவர் காதருகே குனிந்து தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்து, அடுத்த சிரிப்பும் தொடங்கியிருக்கும். ஆச்சி முந்தைய வசனத்துக்குச் சிரிப்பார். மற்றவர்கள் அமைதியாக இருக்கும் நேரத்தில் அவர் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும். சிந்தி வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, அவரோடு சேர்ந்து இன்னொரு தடவை சிரிப்பார். அன்பான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு வசனம் முழுமையாகத் தன்னிடம் வந்து சேர்வதற்கு முன்பே அடுத்தது போய்விடுகிறதே என்ற தவிப்பை அவர் முகத்தில் வாரா வாரம் பார்த்தவன் நான். திரையின் அடியில் இரண்டு வரித் தமிழ் ஓடியிருந்தால் அவரும் மற்றவர்களோடு அதே நொடியில் சிரித்திருப்பார்.

இது உங்களுக்குப் புதிய வேலை அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மாநில மொழித் திரைப்படங்களை ஆங்கில வசன வரிகளோடு நாடு முழுவதும் காட்டிய நிறுவனம் உங்களுடையது. தமிழ்ப் படம் வரும் ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கும் மரியாதை கூடும். மராத்தி வீட்டாரும் பஞ்சாபி வீட்டாரும் அந்த வரிகளைப் படித்தபடி, விட்டுப்போனதை எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அன்றைக்கு ஆங்கிலத்தில் செய்ததை இன்று தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் செய்ய முடியாதா? 2024 நவம்பரில் நீங்கள் கோவாவில் தொடங்கி வைத்த 'வேவ்ஸ்' இணையவழி ஒளிபரப்புத் தளம் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்கும் என்று நீங்களே அறிவித்தீர்கள். அந்த அறிவிப்பை முழுமையாக்க, எல்லா மொழியினரும் ஒருகாலத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த தொடர்களைவிடப் பொருத்தமானவை கிடைக்கமாட்டா.

வசன வரி எழுதுவதில் ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். ஹிந்தியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும். ஆகையால் சிரிப்பை வெடிக்க வைக்கும் சொல்லும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முன்னால் வந்து, நடிகர் சொல்வதற்கு முன்பே கண் அதைப் படித்துவிடுவதால் சிரிப்பு பிசகிவிடும். தமிழில் அந்தத் தொல்லை குறைவு. நேர்த்தியாக எழுதினால், டிகு தல்சானியாவின் வாயும் திரையடி வரியும் ஒன்றாகவே முடியும். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், இரண்டு வரிக்குள் அடக்குவதற்குத் தேர்ந்த கை வேண்டும். பாடநூல் தமிழில் எழுதினால் ரஞ்சித்தும் ரேணுவும் மேடையில் சொற்பொழிவாற்றுவது போல் ஆகிவிடும். வீட்டில் பேசும் தமிழில், இயந்திர மொழிபெயர்ப்பை நம்பாமல், நாடகமோ நகைச்சுவையோ எழுதிப் பழகிய மனிதர்களைக் கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும். அத்தகையவர்கள் மாட்டுங்காவிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் நிறையவே இருக்கிறார்கள். இரு மொழியும் அவர்களுக்குத் தாய்ப்பால் போல.

'வாக்லே கி துனியா'வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது எங்களுக்கு வேறொரு வகையில் நெருக்கமானது. கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மண் படைத்த பாத்திரங்களை வைத்துக் குந்தன் ஷா இயக்கினார். விற்பனைக் குமாஸ்தா ஸ்ரீநிவாஸ் வாக்லேயாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ், மனைவி ராதிகாவாகப் பாரதி ஆச்ரேகர். மைசூரில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, மும்பைக்கு வந்து, இந்த நகரத்தின் அன்றாடத்தை நாள்தோறும் செய்தித்தாளில் வரைந்தவர் லக்ஷ்மண். அவர் வரைந்த சாமானியரின் சிலை வர்லிக் கடற்கரைச் சாலையில், உங்கள் நிலையம் இருக்கும் அதே வர்லியில்தான் நிற்கிறது. ஸ்ரீநிவாஸ், ராதிகா என்ற பெயர்களே எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இருக்கக்கூடிய பெயர்கள். எதுவும் பெரிதாக நடக்காது அந்தத் தொடரில். அலுவலகத்தில் ஒரு சங்கடம், அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு, பிள்ளைகளுக்கு ஒரு செலவு. ஓர் அத்தியாயத்தில், பிற்காலத்தில் பெரும் நட்சத்திரமான ஷாருக் கான், வாக்லேயைக் காரால் இடித்துவிடும் இளைஞராக வந்து போவார். அடிபட்ட வாக்லேயின் முகத்தில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் தெரியும். அந்தக் கூச்சம் என் தந்தையாரின் கூச்சம். பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பவர் அவர்.

தென்னிந்தியருக்கு எதிரான கோஷங்கள் 1960களின் பிற்பகுதியில் இந்நகரின் தெருக்களில் எழுந்ததை எங்கள் பெற்றோர் மறந்துவிடவில்லை. ஹிந்தித் திரைப்படத்தில் தென்னிந்தியர் என்றால், நெற்றி நிறையத் திருநீறு பூசி, கைகால்களை ஆட்டி 'ஐயையோ' என்று அலறும் ஒருவரைத்தான் எங்கள் தலைமுறை பார்த்துப் பழகியிருந்தது. திரையரங்கில் எல்லாரும் சிரிக்கும்போது எங்களுக்கு மட்டும் சிரிப்பு வராது, வந்தாலும் அது வலிக்கும். வாக்லேயின் வீட்டில் எங்களுக்கு அந்த நெருடல் இருந்ததில்லை. சம்பளம் போதாத எல்லாரும், மேலாளருக்கு அஞ்சும் எல்லாரும், மனைவியின் புத்திக்கூர்மையை உள்ளூர நம்பி வாழும் எல்லாரும் அங்கே ஒரே சாதி. மராத்தியர் ஒருவரின் பெயரைச் சுமந்த அந்தக் குமாஸ்தாவைப் பார்த்து 'இது நம்ம ஆளு' என்று என் தந்தை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இந்த நகரத்தைப் பற்றி அவர் சொன்ன மிக உயர்ந்த பாராட்டு அதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு வாக்லே என்ற பெயர் தெரியும். 2021இல் வேறொரு அலைவரிசையில் தொடங்கிய புதிய தொடரில் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேகரும் மூத்த தலைமுறையாக வந்தார்கள். மூலத் தொடரைத்தான் பிள்ளைகள் அறியவில்லை. 2020 ஊரடங்கின்போது நீங்கள் ராமாயணத்தோடு 'தேக் பாய் தேக்' போன்ற பழைய நகைச்சுவைத் தொடர்களையும் மறுபடி ஒளிபரப்பினீர்கள். பிள்ளைகளும் பெற்றோரும் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில், அதே ஆண்டு ஏப்ரலில் நீங்கள் தொடங்கிய 'டிடி ரெட்ரோ' அலைவரிசையின் முன் மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்தது. அதற்காக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பழைய சிரிப்பு இன்றைய பிள்ளைகளிடம் எடுபடுமா என்ற ஐயத்துக்கு அந்த நாட்களே விடை சொல்லிவிட்டன.

இனி அவசரத்தைப் பற்றி. 1980களில் தொலைக்காட்சி நிலையங்களில் பரவலாகப் புழங்கியது யூ-மேட்டிக் எனப்பட்ட முக்கால் அங்குல காந்த நாடா. அந்த வகை நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். அப்படியே கருவியில் ஓட்டினால், படத்தைத் தாங்கிய துகள் உதிர்ந்து கருவியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். அதை ஓட்டும் கருவிகளும் இப்போது உற்பத்தியாவதில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் காப்பகத்தினர் இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிவார்கள் என்பதும், பல தொகுப்புகளை ஏற்கெனவே மின்வடிவத்துக்கு மாற்றி வெளியிட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த வேலையின் வரிசையில் நகைச்சுவைக்கு முன்னிடம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். காவியங்களும் செவ்விசையும் காக்கப்பட வேண்டியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நகைச்சுவையைத்தான் பொழுதுபோக்கு என்று கடைசி அலமாரிக்குத் தள்ளிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் பிபிசி நிறுவனம் 1960களிலும் 70களிலும் தன் தொடர்கள் பலவற்றின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. பின்னாளில் அந்த அத்தியாயங்களைத் தேடி அலைய நேர்ந்தது. மிகவும் விரும்பப்பட்ட நகைச்சுவைத் தொடர் ஒன்றின் தொலைந்துபோன இரண்டு அத்தியாயங்கள் 2001இல் கிடைத்தது தனியார் ஒருவர் பாதுகாத்து வைத்திருந்த படச்சுருள்களிலிருந்து. நம்மிடமும் அத்தகைய வழி இருக்கிறது. 1980களின் பிற்பாதியில் வளைகுடா நாடுகளிலிருந்து வீடியோ ரெக்கார்டர் கொண்டுவந்த குடும்பங்கள் தாதர் முதல் தாராவி வரை உண்டு. வெள்ளிக்கிழமை இரவு வேலைக்குப் போகும் மகனுக்காக வி.எச்.எஸ். கேசட்டில் பதிவு செய்து வைத்த தாய்மார்களும் உண்டு. உங்கள் தொகுப்பில் ஏதேனும் அத்தியாயம் குறையுமானால், பொதுமக்களிடம் கேட்டு ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். பரண்களில் கிடப்பவை இறங்கி வரும்.

தொடர்களின் உரிமை தயாரிப்பாளர்களிடமோ அவர்களுடைய வாரிசுகளிடமோ இருக்குமானால், அவர்களை அழைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வருவது உங்களைப் போன்ற பொது நிறுவனத்துக்குத்தான் இயலும். நேயர்களாகிய நாங்கள் அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றுக்கும் காலம் கடந்துகொண்டிருக்கிறது. ஷரத் ஜோஷி 1991இல் மறைந்தார். ஷஃபி இனாம்தார் 1996இல் போனார். லக்ஷ்மண் 2015இலும் குந்தன் ஷா 2017இலும் விடைபெற்றார்கள். 2025 அக்டோபர் 25 அன்று சதீஷ் ஷாவும் காலமானார். அந்தச் செய்தி வந்த மாலையில் எங்கள் பழைய பில்டிங்காரர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசி, அவரவருக்கு நினைவிருந்த வேடங்களைச் சொல்லிக்கொண்டோம். ஒருவர் சொன்ன வேடம் இன்னொருவருக்கு நினைவில்லை. எந்த வேடம் எந்த அத்தியாயத்தில் என்று சரிபார்க்கவும் எங்களிடம் ஒழுங்கான தொகுப்பு இல்லை. அந்தத் தொடர்களில் பங்கேற்றவர்களையும், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை, அரங்க அமைப்பு ஆகியவற்றில் உழைத்தவர்களையும் அமர்த்தி விரிவாகப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு மனிதரை வாரந்தோறும் வேறு மனிதராக்கிய அந்த ஒப்பனைக் கலைஞரின் பெயர் ஒவ்வோர் அத்தியாயத்தின் விவரக் குறிப்பிலும் இடம்பெற வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது என்பதை உணர்கிறேன். 'யே ஜோ ஹை ஜிந்தகி'யின் முதல் பத்து அத்தியாயங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தமிழ் வசன வரி எழுதித் தரவும், எழுதியதை ஹிந்தி அறியாத முதியவர்கள் முன் போட்டுக் காட்டி, எங்கே சிரிப்பு பிந்துகிறது என்று பார்த்துத் திருத்தித் தரவும், செம்பூரிலும் சயானிலும் உள்ள எங்களைப் போன்றோர் ஊதியம் எதுவும் எதிர்பாராமல் ஆயத்தமாக இருக்கிறோம். இந்தப் பணிக்கு ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரையும் தொடர்பு கொள்ள வேண்டிய வழியையும் பொதுவில் அறிவித்தால், மற்ற ஏற்பாடுகளை நாங்கள் அவரோடு பேசிக்கொள்கிறோம். தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நேயர்களில் ஒருவன்,
செம்பூர், மும்பை